பட்டியலில் கடைசி வரி

எங்கள் தெருவில் ஒருவர் ரொட்ரிக் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறார் என்றால் அவர் மட்டும் போவதில்லை. தெரு முழுவதும் அவருடைய பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். ஒன்றரை மணி நேர விமானப் பயணம்தான், எங்கள் மொரீசியஸைச் சுற்றியிருக்கிற அதே கடல்தான். ஆனால் அந்த ஊர் எலுமிச்சை ஊறுகாய் வேறாம், மிளகாய் வேறாம், தேன் வேறாம், வெயிலில் காயவைத்த எட்டுக் கைப் பேய்க்கணவாய் வேறாம். கேட்டவர்களுக்கெல்லாம் போகிறவர் இதையெல்லாம் வாங்கி வர வேண்டும். போகும்போது அங்கே இருக்கிற அவர்களுடைய தங்கைக்கும் சித்தப்பாவுக்கும் பொட்டலம் சுமக்கவும் வேண்டும். முடியாது என்று சொன்ன மனிதர் இதுவரை எங்கள் ரோஸ் ஹில்லில் பிறக்கவில்லை.

என் கணவன் ஆர்மான் அந்த முடியாது என்று சொல்லத் தெரியாதவர்களுக்கெல்லாம் தலைவன். முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறான். நிறுத்தமே இல்லாத இடத்தில் யாராவது கை நீட்டினாலும் நிறுத்திவிடுவான். பஸ்ஸில் அப்படி இருந்தால் தொலையட்டும், வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் போகப்போகிற செய்தி பரவியதும் டிப்போவில் கொடுத்த நீல அட்டை நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டான். யார் எதைக் கேட்டாலும் எழுதினான். எழுதியதை வாங்காமல் விடமாட்டான். பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வரியை அடிப்பான். கிளம்புகிற அன்று நோட்டில் பதினெட்டு வரிகள். அதில் ஏழு, பக்கத்து வீட்டு மதாம் பிலோமென் ஒருத்தியுடையவை.

என்னுடைய வரி ஒன்றுகூட இல்லை. எனக்கு வேண்டியதை நான் வாயால் சொல்லியிருந்தேன். பெண்டாட்டி சொன்னதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

நான் இருபத்திரண்டு வருஷம் ஸ்வெட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கைப்பகுதியை உடம்போடு சேர்த்துத் தைப்பது என் வேலை. என் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் அக்டோபர் மாதத்துப் படம், இரண்டு பாறைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு மணல், அதன் முன்னால் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். கீழே பொடி எழுத்தில் 'த்ரூ தார்ஜான், ரொட்ரிக்' என்று போட்டிருந்தது. நவம்பர் பிறந்ததும் சூப்பர்வைசர் வந்து தாளைப் புரட்டினாள். நான் எழுந்து போய்த் திருப்பி வைத்தேன். மறுநாளும் புரட்டினாள், மறுநாளும் திருப்பினேன். மூன்றாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் எங்கள் வரிசையில் எப்போதும் அக்டோபர்தான். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் நாற்காலி, மின்விசிறி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அந்தத் தாளைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்கு மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கே தாளை ஆர்மான் முன்னால் விரித்துக் காட்டி, "முதல் நாளே இங்க போயிடணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். ஊருக்கே ஆட்டுகிற தலை அது என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போய் இறங்கினோம். விமானத்தின் படியில் கால் வைத்ததுமே காற்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தது. அந்தத் தீவில் காற்று ஓய்வதே இல்லை. தங்கியிருந்த அறைக்கு முன்னால் ஒரு வராந்தா, அதற்கு முன்னால் மூன்று தென்னை, அதற்கு முன்னால் கடல். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஆர்மான் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவைதான், எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் முன்னால். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைதான் தீவின் பெரிய ஊரான போர் மாத்துரெனில் சந்தை, அதைத் தவறவிட்டால் ஊறுகாய் கேட்ட தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஆர்மான் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டான். சரி, ஒரு நாள்தானே என்று விட்டுக்கொடுத்தேன். சந்தையில் எனக்கும் கால் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கடையிலும் சுண்டு விரலில் ஊறுகாயைத் தடவி நக்கச் சொன்னார்கள். ஏழாவது கடைக்கு வருவதற்குள் எனக்கு நாக்கு மரத்துவிட்டது. ஆர்மான் விடாமல் பதினோரு கடை நக்கிவிட்டு முதல் கடைக்கே திரும்பிப் போய் வாங்கினான். பப்பாளி வைத்த அப்பத்தை நின்றபடியே தின்றோம். நான் எனக்காக ஒரே ஒரு பொருள் வாங்கினேன், தாழை ஓலையில் முடைந்த அகலத் தொப்பி. தலையில் வைத்த நிமிஷமே காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு போலீஸ்காரர், இரண்டு மீன்காரிகள், என் கணவன் என்று நான்கு பேர் அதன் பின்னால் ஓடினார்கள். தொப்பியைப் பிடித்த மீன்காரி அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் நன்றாக இருக்கிறது, நீ வேறு வாங்கிக்கொள் என்றாள். சந்தையே சிரித்த பிறகுதான் கழற்றிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலம். மதாம் பிலோமென் தன் தங்கைக்குக் கொடுத்தனுப்பிய சீலைத் துணியும் காப்பித் தூளும். தங்கை பெயர் மதாம் பெரீன், மலைமேல் மஞ்சள் கதவு வீடு. அங்கிருந்து நேராக என் கடற்கரைக்குப் போய்விடலாம் என்று திட்டம். மஞ்சள் கதவைத் தட்டினோம். மதாம் பெரீன் வீடுதானே என்று கேட்டோம். ஆமாம், வாருங்கள் என்று உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்தார்கள். ரோஸ் ஹில்லிலிருந்து வருகிறோம் என்றதும் இன்னும் சந்தோஷப்பட்டார்கள். பேய்க்கணவாய்க் குழம்பு, மக்காச்சோளக் களி, சிவப்பு பீன்ஸ், அதற்கு மேல் தேங்காய் அப்பம். இரண்டு மணி நேரம் தின்றோம். ஆர்மான் அந்த வீட்டுக்காரரோடு பாட்டே பாடிவிட்டான். கிளம்பும்போதுதான் பொட்டலத்தை நீட்டி, உங்கள் அக்கா பிலோமென் கொடுத்தது என்றோம். அந்த அம்மாளுக்கு அக்காவே கிடையாது. அந்த மலையில் பாதிப் பேர் பெரீன்கள், மஞ்சள் கதவும் இரண்டு இருக்கிறது.

வந்ததுமே கேட்டிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு அந்த மதாம் பெரீன் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வீடு தேடி வந்தவங்களை நீங்க யாருன்னு கேட்டுட்டா சோறு போடுவாங்க?"

மூன்று வீடு தள்ளி மேலே இருந்த சரியான மதாம் பெரீன் எங்களை எதிர்பார்த்து அதே குழம்பை அதே களியோடு செய்து வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்ல ஆர்மானுக்கு வாய் வருமா? மறுபடி உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். அறைக்குத் திரும்பி ஆளுக்கொரு பக்கம் மல்லாந்து படுத்து, வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தோம். த்ரூ தார்ஜான் அன்றும் போகவில்லை.

திங்கட்கிழமை கணக்கில் வராது, அன்று தீவைச் சுற்றிப் பார்க்க ஒரு வண்டிக்காரரை ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். குகைக்குள் குனிந்து குனிந்து போனோம். ஆமைப் பண்ணையில் ஆர்மான் ஒரு கிழட்டு ஆமையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். அது காலை ஊன்றி எழுந்து கழுத்தை நீட்டிக்கொண்டே போனது. இன்னொருவர் தடவ வந்ததும் வெடுக்கென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "பாத்துக்க. அதுக்குக்கூட போதும்னு சொல்லத் தெரியுது" என்றேன். அவன் சிரித்தான். நானும் முழு மனதோடு சொல்லவில்லை. திரும்பும் வழியில் தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஷூவைப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டிப்போ மேலாளர் தெசிரே. காய்ந்த பேய்க்கணவாய் இரண்டு கிலோ வேண்டும், அதுவும் ரிவியேர் கோக்கோவில் ஒரு குறிப்பிட்ட பெண்ணிடம்தான் வாங்க வேண்டும். தீவின் மறு கோடி. ஆர்மான் நோட்டைத் திறந்து பத்தொன்பதாவது வரியை எழுதினான். நான் கட்டிய கயிற்றை அவிழ்க்கவில்லை, அந்த ஷூவோடேயே அவன் பின்னால் போனேன். கடலோரம் முழுக்கக் கழிகளில் பேய்க்கணவாய்கள் கைகளை விரித்துத் தொங்கின. அந்தப் பெண் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் ஈரம் இருக்கிறது, நாளைக் காலையில் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

நாளைக் காலை என்றால் புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு எங்கள் விமானம். காலைப் பொழுது ஒன்றுதான் மிச்சம். அதில் மேற்கே போய்ப் பேய்க்கணவாய் வாங்கலாம் அல்லது கிழக்கே போய் என் கடலைப் பார்க்கலாம், இரண்டும் முடியாது. சாயங்காலம் வராந்தாவில் அவனிடம் கேட்டேன்.

"நாளைக்கு எங்க போறோம்?"

"தெசிரே என் மேலாளர், சொலாஞ். நான் ஒத்துக்கிட்டேன்."

"எங்கிட்டயும்தான் ஒத்துக்கிட்ட."

அவன் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் கோபம் வந்தால் கத்துகிறவள். அன்று கத்தவில்லை. ஐந்து நாளும் இவ்வளவு சிரித்த பிறகு கத்தினால் சிரித்ததெல்லாம் கெட்டுப்போகும் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் போடுகிற ஸ்வெட்டருக்குக் கை தைத்தவள் ஒரே ஒரு காலைப்பொழுது கேட்டேன். அதைக் கொடுக்க இந்த மனிதனுக்கு மனமில்லை என்று நினைத்தேன்.

விடிந்தும் விடியாமலும் எழுந்தேன். ஆர்மான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மேஜைமேல் நீல நோட்டு. கிளம்பப் போனவள் திரும்பி வந்து பென்சிலை எடுத்து, பத்தொன்பதாவது வரிக்குக் கீழே எழுதினேன்: '20. சொலாஞ். கடல், ஒரு காலை.' கோபத்தில் எழுதியதுதான். தொப்பியை மறந்து வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

கிழக்கே கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து, "ரெண்டு பெரீன் வீட்லயும் சாப்பிட்டது நீங்கதானே, அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒளிந்துகொள்ள இடமில்லாத தீவு. அவளே ஆடுகளை விட்டுவிட்டுப் பாதி தூரம் கூட வந்து பாறை வழியைக் காட்டினாள். புதரும் மணலுமாக ஒரு மணி நேர நடை. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. ஒரு மேட்டில் ஏறிக் கீழே பார்த்தேன்.

அப்படியே இருந்தது. இரண்டு பாறைகள், நடுவே அந்தக் கைக்குட்டை மணல். ஆனால் படத்தில் சத்தம் இல்லையே. அலை உள்ளே வந்து பாறையில் மோதித் திரும்பும்போது எழுகிற அந்த இரைச்சலை பதினாறு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. படத்தில் உப்பு வாசனையும் இல்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கி மணலில் உட்கார்ந்தேன். அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை. பிறகு ஷூவோடு தண்ணீருக்குள் போய் முழங்கால் வரை நின்று, தனியாகச் சிரித்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. ஒரு பெரிய அலை வந்து என்னை உட்காரவைத்துவிட்டுப் போனது. அதைச் சொல்லிச் சிரிக்கத் திரும்பினேன், பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதுதான் மேட்டின்மேல் என் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே ஆர்மான், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பஸ் ஓட்டும்போது போடுகிற கறுப்பு ஷூவில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தான். மூச்சு வாங்கியது.

"என்ன, வழி தவறிட்டியா? ரிவியேர் கோக்கோ அந்தப் பக்கம்" என்றேன்.

"பட்டியல்ல இருந்துச்சே" என்றான்.

"பேய்க்கணவாய்கூடத்தான் பட்டியல்ல இருந்துச்சு."

"ஆமா. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு தெரிஞ்சுது. பஸ் ஸ்டாண்டுல நின்னு யோசிச்சேன்."

"ரொம்ப நேரம் யோசிச்சியா?"

"மூணு பஸ் போயிடுச்சு."

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் கண்ணெதிரே மூன்று பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறான். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் சட்டையைக் கழற்றி பாறைமேல் வைத்து அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, பேண்ட்டோடேயே தண்ணீரில் இறங்கினான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்கு அலை குதித்தோம். ஐம்பத்தாறு வயசு அவனுக்கு, ஐம்பத்துநான்கு எனக்கு. பார்க்க யாருமில்லை. இருந்திருந்தாலும் குதித்திருப்போம்.

பாறையில் உட்கார்ந்து காய்ந்துகொண்டிருந்தபோது சட்டைக்குள்ளிருந்து போன் அடித்தது. அந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது என்று ஆடு மேய்க்கிறவள் சொல்லியிருந்தாள். மதாம் பிலோமெனுக்கு மட்டும் எங்கேயும் கிடைக்கும். ஊறுகாய் இன்னும் இரண்டு பாட்டில் வேண்டுமாம், அவளுடைய நாத்தனார் வந்திருக்கிறாளாம். ஏர்போர்ட் போகிற வழிதானே என்றாள். ஆர்மான் என்னைப் பார்த்தான். கடலைப் பார்த்தான்.

"முடியாது, மதாம் பிலோமென்" என்றான்.

அவள் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதே இல்லை. அவனும் சொன்னதே இல்லை. எனக்கு அவனை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாகப் போனைப் பிடுங்கினேன்.

"மதாம் பிலோமென், பேப்பரும் பென்சிலும் இருக்கா? எழுதிக்குங்க."

"என்ன எழுதறது?"

"இன்னிக்குச் சாயங்காலம் நாங்க வந்து இறங்கறப்ப ரெண்டு பேருக்குச் சூடா சோறு. வராந்தாச் செடிக்குத் தண்ணி. எழுதிட்டீங்களா?"

மறுமுனையில் பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மெதுவாக, பருப்பு போதுமா, கருவாடும் செய்யட்டுமா என்று கேட்டாள்.

நாங்கள் ரோஸ் ஹில் போய்ச் சேர்ந்தபோது தெரு விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. மதாம் பிலோமென் வீட்டு மேஜையில் சோறு, பருப்பு, தக்காளியில் வதக்கிய கருவாடு, கீரைச் சாறு எல்லாம் ஆவி பறந்தது. செடிகள் நனைந்திருந்தன. இரண்டு மஞ்சள் கதவுக் கதையை ஆர்மான் எழுந்து நின்று நடித்துக் காட்டினான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய ஏழு பொருளையும் எடுத்து வைத்தான், நோட்டில் ஏழு வரிகளை அடித்தான். பேய்க்கணவாய் கிடைக்காத விஷயத்தைத் தெசிரேயிடம் நாளைக்கு நேரிலேயே சொல்லிவிடுகிறேன் என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேஜைக்கு அடியில் நான் ஷூவைக் கழற்றினேன். இரண்டு ஷூவிலிருந்தும் மணல் கொட்டி அவளுடைய பளபளக்கும் தரையில் சின்னக் குவியலானது. மதாம் பிலோமென் வாரியலை எடுக்க எழுந்தாள்.

"விடுங்க, மதாம்" என்றான் ஆர்மான். "அது சொலாஞ்சோட சாமான்."

குனிந்து தாளில் அதை வழித்தெடுத்து மடித்து என் கையில் கொடுத்தான். பிறகு இருபதாவது வரியைக் காட்டி, பொருள் உன் கைக்கு வந்துவிட்டது, நீயே அடி என்று பென்சிலை நீட்டினான். 'கடல், ஒரு காலை' என்று என் கோபக் கையெழுத்து அப்படியே இருந்தது. நான் அந்த வரியை அடிக்கவில்லை. 'காலை' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அதற்கு மேலே 'வாரம்' என்று எழுதி நோட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.